என்ஜினுக்கு மூச்சு முட்டினால்...?

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது வண்டி நின்ற இடத்தைச் சற்றுக் குனிந்து பாருங்கள். தரையில் ஐந்து ரூபாய் நாணயம் அகலத்தில் ஓர் எண்ணெய்ப் பொட்டு இருக்கிறதா? இருந்தால் பதறிக்கொண்டு மெக்கானிக்கிடம் ஓட வேண்டாம். "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்று அலட்சியமாக விட்டுவிடவும் வேண்டாம். அந்தப் பொட்டு வண்டியின் எந்த இடத்திலிருந்து விழுந்தது என்பதை மட்டும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதைப் பார்க்கத் தவறியதால் என் நண்பர் ஒருவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் அல்ல.

அவருக்குச் சொந்த ஊர் அரூர் பக்கம். பெங்களூர் பீன்யாவில் லேத் வேலை. ஸ்ரீராமபுரத்தில் ஒரு சந்தில் வாடகைக்குக் குடியிருக்கிறார். யாரோ ஓட்டி விற்ற பழைய இரும்பு என்ஜின் புல்லட் ஒன்று அவரிடம் இருக்கிறது. மனைவி, மகனுக்கு அடுத்தபடியாக அவர் கவலைப்படும் ஜீவன் அதுதான். சந்தின் அகலமோ ஆறு அடி. வீட்டு வாசலை ஒட்டித்தான் வண்டியை நிறுத்தியாக வேண்டும். கழுவிக் கோலம் போட்ட வாசலில் தினமும் எண்ணெய் சொட்டினால் எந்த ஓனரம்மா பொறுத்துக்கொள்வார்? "வண்டியை மாத்துப்பா, இல்லேன்னா வீட்டை மாத்து" என்று ஒரு நாள் கறாராகச் சொல்லிவிட்டார்.

நண்பர் தெருமுனைப் பட்டறைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். எண்ணெய் வந்தது ஒரு ரப்பர் குழாயின் நுனியிலிருந்து. பட்டறைக்காரர் யோசிக்கவே இல்லை. குழாயின் வாயில் ஒரு போல்ட்டைச் செருகினார். மேலே ஒரு கிளிப்பைப் போட்டு முறுக்கினார். "இனிமே ஒரு சொட்டு விழாது சார்" என்றார்.

சொன்ன சொல் தவறவில்லை. நாலு நாள் வாசல் சுத்தமாக இருந்தது. ஐந்தாம் நாள் போகி. மனைவியைப் பின்னாலும் மகனை முன்னாலும் உட்கார வைத்துக்கொண்டு விடியற்காலையில் ஊருக்குக் கிளம்பினார் நண்பர். அத்திப்பள்ளி, ஓசூர் எல்லாம் தாண்டி நல்ல சாலை வந்ததும் வண்டியை விரட்டினார். சூளகிரியை நெருங்கும்போது கணுக்காலில் சூடாக ஏதோ தெறித்தது. குனிந்து பார்ப்பதற்குள் பின்சக்கரம் பாம்பு போல நெளிந்தது. நண்பர் பிரேக்கைத் தொடவில்லை. ஆக்சிலேட்டரை மட்டும் விட்டு, கைப்பிடியை இறுகப் பிடித்து, மண் ஓரத்தில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். மூன்று உயிரும் தப்பியது அந்த நிதானத்தால்தான்.

இறங்கிப் பார்த்தால், என்ஜின் முழுவதும் எண்ணெய் அபிஷேகம்! சிலிண்டரின் அடியில் இருக்கும் பேக்கிங் பிதுங்கிக்கொண்டு வெளியே நின்றது. அதன் வழியாகப் பீறிட்ட எண்ணெய் பின் டயர் வரை நனைத்திருந்தது. காலி லாரி ஒன்றில் வண்டியை ஏற்றிக் கிருஷ்ணகிரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இருந்த வயதான மெக்கானிக் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். கிளிப்பைக் கழற்றிப் போல்ட்டைப் பிடுங்கினார்.  போல்ட்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவர் கேட்டார்:

"ஏம்ப்பா, வண்டிக்கு மூக்கைப் பொத்தினது யாரு?"

என்ஜினுக்கு மூக்கா என்று வாசகர்கள் வியக்கலாம். உண்டு. வாயும் உண்டு, மூக்கும் உண்டு. பெட்ரோலும் காற்றும் உள்ளே போகும் கார்புரேட்டர் வாய். எரிந்த புகையைக் கழிக்கும் சைலன்சர் வேறு. இவை இரண்டையும் எல்லோருக்கும் தெரியும். மூன்றாவதாக விரல் பருமனில் ஒரு குழாய் இருப்பதும், என்ஜினின் ஆயுள் அதையும் நம்பியிருப்பதும் பலருக்குத் தெரிவதில்லை. பிரீதர் குழாய் என்று அதற்குப் பெயர். நண்பரின் பட்டறைக்காரர் அடைத்தது அதைத்தான்.

அடிவயிற்றில் நடப்பது

பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது என்பது யாவரும் அறிந்ததே. பிஸ்டனுக்கு மேலே நடப்பதைப் பற்றித்தான் நாம் ஓயாமல் பேசுகிறோம். பிளக் பொறி விட்டதா, பெட்ரோல் எரிந்ததா, இழுவை இருக்கிறதா என்பதெல்லாம் மேல் வீட்டுச் சங்கதி. பிஸ்டனுக்குக் கீழே ஒரு வீடு இருக்கிறது. கிராங்க் என்னும் சுழலும் தண்டும், அதை நனைக்கும் எண்ணெயும் குடியிருக்கும் அறை அது. கிராங்க் கேஸ் என்பார்கள். என்ஜினின் அடிவயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அறையில் எண்ணெய் மட்டுமா இருக்கிறது? காற்றும் இருக்கிறது. பிஸ்டன் கீழே இறங்கும் ஒவ்வொரு தடவையும் அந்தக் காற்றை நெருக்குகிறது. மேலே ஏறும்போது அதற்கு மறுபடியும் இடம் கிடைக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். 350 புல்லட்டின் பழைய இரும்பு என்ஜினில் சிலிண்டரின் குறுக்களவு 70 மில்லிமீட்டர். பிஸ்டன் ஓடும் தூரம் 90 மில்லிமீட்டர். அதாவது பிஸ்டன் ஒரு தடவை இறங்கும்போது 346 கன சென்டிமீட்டர் காற்றை நெருக்குகிறது. என்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடுகிறது என்றால், நொடிக்கு 50 தடவை. பெருக்கிப் பாருங்கள். நொடிக்கு 17 லிட்டருக்கு மேல்! குழாயடியில் நாம் பிடிக்கும் பிளாஸ்டிக் குடத்தில் ஒன்று நிறைய. கண் இமைக்கும் நேரத்தில் ஒரு குடம் காற்று அந்தச் சின்ன அறைக்குள் முன்னும் பின்னும் அலைமோதுகிறது. கொல்லன் உலைத் துருத்தி தோற்றுவிடும்.

நாலு சிலிண்டர் கார்களில் இந்த அலைமோதல் இவ்வளவு இல்லை. அங்கே இரண்டு பிஸ்டன் இறங்கும்போது மற்ற இரண்டு ஏறும். ஒன்று தள்ளிய காற்றுக்கு மற்றொன்று இடம் கொடுத்துவிடும். நம்முடைய ஒற்றைச் சிலிண்டர் மோட்டார் சைக்கிளுக்கு அந்த வசதி கிடையாது.

இது மட்டும் என்றால்கூடச் சமாளித்துவிடலாம். ஏனென்றால், துருத்தி அமுங்கினாலும் விரிந்தாலும் அதே காற்றுத்தான். உண்மையான தொல்லை மேல் வீட்டிலிருந்து வருகிறது.

பிஸ்டனைச் சுற்றி ரிங்குகள் உண்டு. ஒவ்வொரு ரிங்கிலும் ஒரு மெல்லிய வெட்டு இருக்கும். சூட்டில் ரிங் விரிவதற்காக வேண்டுமென்றே விட்ட இடைவெளி அது. மேலே பெட்ரோல் வெடிக்கும்போது அந்த இடைவெளி வழியாகக் கொஞ்சம் காற்று கீழே நழுவிவிடுகிறது. புத்தம் புது என்ஜினிலும் நழுவும். போர் தேய்ந்த என்ஜினில் பல மடங்கு நழுவும். அது சாதாரணக் காற்றும் அல்ல. எரியாத பெட்ரோல் ஆவி, எரிந்த புகை, நீராவி எல்லாம் கலந்த கஷாயம்.

இதற்கு வெளியேற ஒரு வழி வேண்டாமா? பிரஷர் குக்கரின் வெயிட்டை யாராவது அழுத்திப் பிடித்துக்கொண்டு சமைப்பார்களா? பிரீதர் குழாயில் போல்ட் அடிப்பது அந்த வேலைதான். வழி இல்லாத காற்று, இருப்பதிலேயே பலவீனமான இடத்தைத் தேடும். கிராங்க் தண்டின் ஓரத்தில் இருக்கும் ஆயில் சீலின் ரப்பர் உதடு, எண்ணெய் ஒழுகாமல் தடுப்பதற்காகச் செய்தது. அழுத்தத்தைத் தாங்குவதற்கு அல்ல. காகிதத்தாலான பேக்கிங்கும் அப்படியே. ஊருக்குள்ளே சிக்னலுக்குச் சிக்னல் நின்று போனவரை நண்பரின் வண்டி பொறுத்துக்கொண்டது. நெடுஞ்சாலையில் ஒரே மூச்சாக விரட்டியபோது அழுத்தம் ஏறிக்கொண்டே போய், சூளகிரியில் பேக்கிங்கைக் கிழித்துவிட்டது. பிரித்துப் பார்த்தபோது ஒரு பக்கத்து ஆயில் சீலும் இடம் பெயர்ந்து கிடந்ததாம்.

திருவொற்றியூர் வாத்து

இந்த மூச்சு விஷயத்தைப் புல்லட் செய்தவர்கள் ஒரு சின்ன ரப்பர் துண்டால் சமாளித்தார்கள். அதைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது.

புல்லட் இங்கிலாந்தில் பிறந்தாலும் வளர்ந்தது நம் ஊரில்தான். எல்லைக் காவலுக்காக இந்திய ராணுவம் அதைத் தேர்ந்தெடுத்தது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் ராயல் என்பீல்டு நிறுவனமும் சேர்ந்து என்பீல்டு இந்தியாவைத் தொடங்கின. சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. பிறந்த வீட்டில் கம்பெனியே மூடிப்போன பிறகும், திருவொற்றியூரில் அந்த இரும்பு என்ஜின் பெரிய மாற்றம் இல்லாமல் 2009-ஐ ஒட்டிய ஆண்டுகள் வரை தயாரானது. இன்றைக்குப் பெங்களூர் சாலைகளில் "டப் டப்" என்று போகும் பழைய புல்லட்டுகள் பெரும்பாலும் வடசென்னைத் தொழிலாளர்களின் கைவண்ணமே.

அந்த வண்டியில் பிரீதர் குழாயின் நுனியில் ஒரு ரப்பர் மூடி இருக்கும். பார்ப்பதற்கு வாத்தின் அலகு மாதிரி தட்டையாக, இரண்டு உதடுகளோடு இருக்கும். வாத்து மூக்கு என்றே மெக்கானிக்குகள் சொல்வார்கள். பிஸ்டன் இறங்கும்போது காற்று உந்தும். உதடுகள் திறந்து காற்றை வெளியே விடும். பிஸ்டன் ஏறும்போது உள்ளே உறிஞ்சும். உதடுகள் ஒட்டிக்கொண்டு வெளிக்காற்றை உள்ளே விடாது. போக வழி உண்டு, வர வழி இல்லை. இதனால் அடிவயிற்றில் அழுத்தம் வெளியில் இருப்பதைவிடச் சற்றுக் குறைவாகவே நிற்கும். அழுத்தம் குறைவாக இருந்தால் எண்ணெய் வெளியே வரத் துடிக்காது. சீலும் பேக்கிங்கும் நிம்மதியாக இருக்கும்.

எவ்வளவு எளிமையான யோசனை! சுருளும் இல்லை, திருகும் இல்லை, ரிப்பேரும் இல்லை. ஆனால் ரப்பர் ரப்பர்தானே? சூட்டில் வாட வாட அது கல்லாகிவிடும். உதடு வெடித்துத் திறந்தே கிடந்தால், வண்டி சாலைப் புழுதியை மூச்சோடு உறிஞ்சும். ஒட்டிக்கொண்டு திறக்காமல் போனால், போல்ட் அடித்ததற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. நண்பரின் வண்டியில் வாத்து மூக்கு எப்போதோ காணாமல் போயிருந்தது. மொட்டைக் குழாய்தான் மிச்சம். அது போய்விட்டது என்பதே அவருக்குத் தெரியாது.

குழாயில் இரண்டொரு சொட்டு எண்ணெய் வருவதை அந்தக் காலத்தில் யாரும் குறையாக நினைக்கவில்லை. பல பிரிட்டிஷ் வண்டிகளில் குழாயின் வாயைப் பின்சக்கரச் செயின் பக்கம் திருப்பிவிட்டிருப்பார்கள். சொட்டுகிற எண்ணெய் செயினுக்கு ஆகட்டும் என்று! சிக்கனத்தில் வெள்ளைக்காரரும் நமக்குச் சளைத்தவர் இல்லை.

காற்றில் கலக்கும் கஷாயம்

சாலையில் விடுவது தப்பு என்ற ஞானம் முதலில் வந்தது கார்கள் பெருகிய கலிபோர்னியாவில். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைப் புகைமூட்டம் வாட்டியபோது, கார்களின் சைலன்சர் மட்டுமல்ல, இந்த மூச்சுக் குழாயும் எரியாத பெட்ரோல் ஆவியைக் கக்குகிறது என்று கண்டுபிடித்தார்கள். அந்த ஆவியை மறுபடி என்ஜினுக்குள்ளேயே அனுப்பி எரித்துவிட வேண்டும் என்று 1961-ல் அங்கே ஆணை பிறந்தது. 1963-லிருந்து அங்கு விற்ற அமெரிக்கக் கார்களில் அது நடைமுறைக்கு வந்தது. கார்ப்புகையைக் கட்டுப்படுத்த அந்த நாட்டில் கட்டாயமாக்கிய முதல் சாதனமே இதுதான்.

இன்று நம் நாட்டிலும் புதிய பெட்ரோல் வண்டிகள் இந்தக் காற்றை வெளியே விட விதிகள் இடம் கொடுப்பதில்லை. 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 வண்டிகள்தான் விற்பனை. நீங்கள் புதிதாக வாங்கும் எந்த மோட்டார் சைக்கிளிலும் பிரீதர் குழாய் ஏர் பில்டர் பெட்டிக்குள் போய்ச் சேரும். அங்கிருந்து சுத்தக் காற்றோடு கலந்து மேல் வீட்டுக்குப் போய் எரிந்துவிடும். வாசலும் சுத்தம், ஊரும் சுத்தம்.

ஆனால் இதிலும் ஒரு சங்கடம் உண்டு. காற்றோடு எண்ணெய்த் துளியும் தண்ணீரும் வரும். அவை ஏர் பில்டர் பெட்டியின் அடியில் தங்கும். அதற்காகவே பல வண்டிகளில் பெட்டிக்குக் கீழே, நுனி அடைத்த சிறு குழாய் ஒன்று தொங்கும். சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். அதில் கறுப்பாகவோ பழுப்பாகவோ தேங்கி நின்றால் மூடியைக் கழற்றி வடித்துவிட வேண்டும். மழைக்காலத்தில் இன்னும் அடிக்கடி. நூறு வண்டிக்காரர்களில் எத்தனை பேர் அதைத் தொட்டிருப்பார்கள்? சர்வீசுக்கு விடும்போது "அந்த டியூபையும் பார்த்துடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். கேட்பவர் முகத்தைப் பார்த்தாலே அவர் இதுவரை பார்த்தாரா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

அது நிரம்பினால் என்ன ஆகும்? எண்ணெய் பில்டர் காகிதத்தை நனைக்கும். நனைந்த காகிதம் வழியாகக் காற்று போகாது. பெட்ரோல் அதிகமாகக் குடிக்கும், கறும்புகை வரும், பிளக் கறுத்துப்போகும். கார்புரேட்டர் உள்ள வண்டியாக இருந்தால், "கார்புரேட்டர் கோளாறு" என்று அதைப் பிரித்து மேய்ந்துவிட்டுப் பணம் வாங்கிக்கொள்வார்கள். நோய் இருக்கும் இடம் வேறு.

ஜே.சி. ரோட்டிலும் லால்பாக் ரோட்டிலும் உதிரி பாகக் கடைகளில் ஏறி இறங்குகிற இளைஞர்கள் இன்னொரு காரியம் செய்கிறார்கள். ஏர் பில்டர் பெட்டியிலிருந்து குழாயைப் பிடுங்கி, அதன் நுனியில் பளபளப்பான சின்ன பில்டர் ஒன்றை மாட்டிக்கொள்கிறார்கள். பார்க்க ஜோராகத்தான் இருக்கிறது. பெட்டியில் விழுந்த ஓட்டையை அடைக்க மறந்துவிட்டால், புழுதி அந்த ஓட்டை வழியாக நேரே சிலிண்டருக்குப் போகும். புழுதி பட்ட போர் எத்தனை நாளைக்கு நிற்கும்? விதிக்கும் விரோதம், வண்டிக்கும் விரோதம். என் கட்சி இதில் கம்பெனி குழாய்தான்.

பழைய வண்டிக்காரர்களுக்கு நடுவில் ஒரு வழி உண்டு. குழாயை ஒரு டப்பாவுக்குள் விடுவது. எண்ணெயும் தண்ணீரும் டப்பாவில் தங்கும், காற்று மட்டும் மேலே இன்னொரு வழியாகப் போகும். பிற்காலத்துப் புல்லட்டுகளில் கம்பெனியே இப்படி ஒரு டப்பா வைத்தது. சொந்தமாகச் செய்துகொள்பவர்கள் இரண்டு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். காலி பாட்டிலில் குழாயைச் செருகி, சுற்றிலும் டேப்பைச் சுற்றி, காற்றுப் போக வழியே இல்லாமல் செய்துவிடுகிறார்கள் சிலர். அது போல்ட்டின் தம்பி. இன்னொன்று, ஒல்லியான குழாய் போடக்கூடாது. பழைய குழாயின் துவாரம் எவ்வளவோ அவ்வளவாவது இருக்க வேண்டும். நடுவில் தொங்கி வளைந்தால் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கி மூச்சை அடைக்கும்.

ஒருவழி வால்வு தனியாகவும் விற்கிறார்கள். நல்லதுதான். வாங்கியவுடன் வாயால் ஊதிப் பாருங்கள். எந்தப் பக்கம் ஊதினால் காற்று போகிறதோ, அந்தப் பக்கம் என்ஜினை நோக்கி இருக்க வேண்டும். திருப்பி மாட்டினால் என்ஜின் காற்றை உள்ளே இழுக்கும், வெளியே விடாது. சூளகிரிக்குக்கூடப் போக வேண்டியதில்லை. எலக்ட்ரானிக் சிட்டியிலேயே கதை முடிந்துவிடும். தேய்ந்த ரிங்குக்கு இந்த வால்வு மருந்து ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மூக்கே இல்லாத வண்டிகள்

இவ்வளவும் நாலு ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு. மைசூரில் 1961 முதல் 1996 வரை தயாரான ஜாவா, யெஸ்டி வண்டிகளும், ஓசூரில் 1980-ல் பிறந்த டி.வி.எஸ். 50-யும், இளைஞர்கள் இன்றும் கொண்டாடும் ஆர்.எக்ஸ். 100-ம் இரண்டு ஸ்ட்ரோக் ஜாதி. அவற்றின் அடிவயிறு எண்ணெய்த் தொட்டி அல்ல. பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை முதலில் அங்கேதான் நுழைகிறது. பிஸ்டன் இறங்கும்போது அதை நெருக்கி மேல் வீட்டுக்குத் தள்ளுகிறது. நெருக்குவதே அங்கே வேலை. ஆகவே அந்த அறைக்கு மூச்சுக் குழாய் கிடையாது, இருக்கவும் கூடாது. கியர் பெட்டிக்கு மட்டும் தனியாக ஒரு சின்னத் துவாரம் இருக்கலாம். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

இந்த வண்டிகளில் ஆபத்து தலைகீழ். சீல் தேய்ந்தால் எண்ணெய் வெளியே போகாது. வெளியே இருப்பது உள்ளே வரும். கியர் பெட்டிப் பக்கத்துச் சீல் போனால், கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளைப் புகையாகக் கக்கும். கியர் பெட்டியில் எண்ணெய் குறைந்துகொண்டே வரும், எங்கே போகிறது என்று தெரியாது. மேக்னட் பக்கத்துச் சீல் போனால் வெறும் காற்று நுழைந்து கலவை இளைத்துவிடும். என்ஜின் கொதித்து, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஓடும்போது அப்படிப் பிடித்தால் ஆளைத் தூக்கி எறியும். யெஸ்டிக்காரர்கள் இதைப் படித்துவிட்டு, தம் வண்டிக்கும் ஒரு பிரீதர் போடலாமே என்று கிளம்பிவிட வேண்டாம்!

பெங்களூர்க் குளிரும் வெண்ணெயும்

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. நம்புவது கடினம், ஆனால் ரசாயனக் கணக்கு அப்படித்தான். அதில் மிகப் பெரும்பகுதி சைலன்சர் வழியாக ஆவியாகப் போய்விடுகிறது. குளிர்ந்த காலையில் சைலன்சர் நுனியில் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். கொஞ்சம், ரிங்கைத் தாண்டி அடிவயிற்றுக்கும் வருகிறது.

என்ஜின் நன்றாகச் சூடானால் அந்தத் தண்ணீர் ஆவியாகி மூச்சுக் குழாய் வழியே போய்விடும். சூடாகாவிட்டால்? எண்ணெயோடு கலந்து, கடைந்த வெண்ணெய் மாதிரி வெளுத்த களியாகிவிடும். எண்ணெய் மூடியைத் திறந்தால் உள்பக்கம் அப்பிக்கொண்டிருக்கும். "ஆயிலில் கலப்படம்" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவர்களை நான் அறிவேன்.

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊர். மார்கழி, தை மாதக் காலைகள் எப்படி நடுக்கும் என்று இங்கே இருக்கும் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் குளிரில் அல்சூரிலிருந்து சிவாஜி நகருக்கு இரண்டு மைல் போய் நிறுத்துகிறார் ஒரு குமாஸ்தா. மாலையில் அதே இரண்டு மைல் திரும்புகிறார். வண்டியை அதிகம் ஓட்டாமல் பத்திரமாக வைத்திருப்பதாக அவர் நினைக்கிறார். என்ஜினோ ஒரு நாளும் முழுச் சூடு ஏறாமல், தினமும் கொஞ்சம் தண்ணீரைச் சேர்த்து வைக்கிறது. தண்ணீரும் புகையின் அமிலமும் பெட்ரோலும் சேர்ந்தால் எண்ணெய் எண்ணெயாக இருக்காது. பேரிங் அரிக்கும். அந்தக் களி மூச்சுக் குழாயிலேயே படிந்து அதை அடைத்தும் விடும். நாளெல்லாம் பார்சல் கொடுக்க ஓடும் பையனின் வண்டியில் இந்தத் தொல்லை இல்லை. அவனுக்கு எண்ணெய் கறுக்கும், வெளுக்காது.

வாரத்துக்கு ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமையானாலும் சரி, அரை மணி நேரம் நிற்காமல் வண்டியை ஓட்டுங்கள். அந்தச் சூட்டில் தண்ணீர் போய்விடும். குறுகிய தூரம் ஓட்டுகிறவர்கள் கிலோமீட்டர் கணக்கு மட்டும் பார்க்காமல், மாதக் கணக்கும் பார்த்து எண்ணெய் மாற்ற வேண்டும்.

ஊருக்குப் போய் வருகிறவர்களுக்கு ஒரு செய்தி. பழைய புல்லட்டைப் பூட்டி வைத்துவிட்டு, அறுவடைக்கோ கல்யாணத்துக்கோ ஒரு மாதம் ஊரில் தங்கிவிட்டு வருகிறீர்கள். திரும்பி வந்து உதைத்தவுடன் குழாய் வழியாக எண்ணெய் கொட்டுகிறது. பயந்துவிடாதீர்கள். அந்த என்ஜினில் எண்ணெய்த் தொட்டி தனி அறை. பம்ப் கொஞ்சம் தேய்ந்திருந்தால், நிற்கும் நாட்களில் எண்ணெய் மெல்லக் கசிந்து கிராங்க் அறைக்கு இறங்கிவிடும். உதைத்ததும் கிராங்க் அதை வாரி அடிக்கிறது. அந்த நேரத்தில் தொட்டியில் அளவு பார்த்தால் குறைவாகக் காட்டும். எண்ணெய் காலி என்று நினைத்து மேலே ஊற்றினால் போச்சு. ஓடியபின் இரண்டும் சேர்ந்து வழியும். முதலில் சில நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, பிறகு அளவு பாருங்கள்.

பொதுவாகவே, "கூட ஒரு கால் லிட்டர் இருந்தால் நல்லது" என்று ஊற்றும் பழக்கம் நம்மவர்களிடம் உண்டு. பாயசத்துக்கு நெய் விடுவது போல! மூச்சுக் குழாயில் எண்ணெய் வருவதற்கு மிகச் சாதாரணமான காரணம் இதுவே. வண்டியோடு வந்த புத்தகத்தில் சொன்ன முறைப்படி, சொன்ன கோட்டுக்குள் நிற்கட்டும்.

அளவு சரி, குழாய் அடைப்பு இல்லை, அப்படியும் எண்ணெய் வருகிறது என்றால் ரிங்கைச் சந்தேகிக்கலாம். அதற்குக் காசில்லாத சோதனை ஒன்று உண்டு. என்ஜின் சூடானபின் மெதுவாக ஓடவிட்டு, பிரீதர் குழாயின் நுனியில் மெல்லிய பிளாஸ்டிக் கவர் ஒன்றைக் கையால் லேசாகப் பிடியுங்கள். கட்டிவிட வேண்டாம். கவர் இருந்த இடத்திலேயே படபடவென்று அடித்துக்கொண்டால் என்ஜின் சுகம். பலூன் போலச் சட்டென்று உப்பி, புகையும் நாற்றமுமாக இருந்தால் மேல் வீட்டுக் காற்று தாராளமாகக் கீழே வருகிறது என்று பொருள். அப்போது கம்ப்ரஷன் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். போர் வேலை என்று யாராவது சொன்னால், அளந்து காட்டிய பிறகு ஒப்புக்கொள்ளுங்கள். ஒரு முழம் ரப்பர் குழாயோடு தீர வேண்டிய வியாதிக்குப் போர் வேலை செய்தவர்களும் இந்த ஊரில் இருக்கிறார்கள்.

நண்பரின் வண்டிக்குக் கிருஷ்ணகிரி மெக்கானிக் புதுப் பேக்கிங்கும் சீலும் போட்டார். ரிங் நன்றாகவே இருந்ததாம். குழாயை மாற்றி, புது வாத்து மூக்கு ஒன்றும் மாட்டினார். கூலியோடு சேர்த்து வாங்கிய பணத்தில், வாத்து மூக்கின் விலைதான் மிகக் குறைவு. நண்பர் குடும்பத்தோடு ஊர் போய்ச் சேர்ந்தபோது மாட்டுப் பொங்கலே முடிந்துவிட்டது.

இப்போது குழாயின் நுனி ஸ்ரீராமபுரம் வாசலில் ஒரு சின்ன டப்பாவுக்கு மேலே நிற்கிறது. ஓனரம்மா கொடுத்த பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் மூடிதான் அந்த டப்பா. மாதத்துக்கு ஒரு தடவை அதில் அரை ஸ்பூன் அளவுக்கு மோர் நிறத்தில் ஏதோ சேர்கிறது. கிருஷ்ணகிரியில் பிடுங்கிய போல்ட்டை நண்பர் தூக்கிப் போடவில்லை. சாவி மாட்டும் ஆணிக்குப் பக்கத்தில் நூல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்.